ஃப்ளாட்வவுண்ட் பேஸ் கம்பிகள்: லா பெல்லா, தோமாஸ்டிக், குரோம்ஸ், ரோட்டோசவுண்ட் – எதை மாட்டுவது?

ஃப்ளாட்வவுண்ட், அதாவது தட்டைப் பட்டை சுற்றிய பேஸ் கிட்டார் கம்பி, வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் தொனியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எது நன்றாகத் 'தும் தும்' என்று விழும், எதில் பழைய சோல் இசைத்தட்டுகளின் வாசம் வரும் என்று. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இழுவிசை. தொனியை டோன் நாபைத் திருப்பியோ, பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பாகம்) ஓரத்தில் கம்பிக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் செருகியோ, விரலை நெக் (கழுத்து) பக்கம் நகர்த்தியோ பெரிதும் மாற்றிவிடலாம். இழுவிசையை மாற்ற வேண்டுமென்றால் வேறு செட்தான் வாங்கியாக வேண்டும். நெக் எவ்வளவு வளையும், கம்பி எவ்வளவு தாழ உட்காரும், இரண்டு மணி நேரக் கச்சேரிக்குப் பிறகு இடது கை என்ன ஆகும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இங்கே ஒப்பிடுவது 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள நான்கு கம்பி பேஸுக்கு. ஃபெண்டர் பிரிசிஷன், ஜாஸ் பேஸ் போன்றவை, வழக்கமான ஈ-ஏ-டி-ஜி ட்யூனிங்கில். கம்பியின் தடிமன் எண்கள் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 45 என்றால் 0.045 அங்குலம், அதாவது 1.14 மில்லிமீட்டர். செட்டின் எண்கள் மெல்லிய ஜி கம்பியில் தொடங்கித் தடித்த ஈ கம்பியில் முடியும்.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒரே நீளம், ஒரே சுருதி என்றால் இழுவிசையைத் தீர்மானிப்பது கம்பியின் எடைதான். ரவுண்ட்வவுண்டில் வட்டக் கம்பி சுற்றியிருப்பதால் சுற்றுகளுக்கு இடையே வெற்றிடம் இருக்கும். ஃப்ளாட்டில் தட்டைப் பட்டை நெருக்கமாக அடைத்துக்கொள்கிறது. அதனால் ஒரே எண் போட்ட செட்டாக இருந்தாலும் ஃப்ளாட் பெரும்பாலும் கூடுதல் கனம், கூடுதல் இறுக்கம். 'நான் 45–105 தானே போட்டிருந்தேன், அதையே ஃப்ளாட்டில் எடுத்தால் ஒன்றும் மாறாது' என்ற கணக்கு இங்கேதான் தப்புகிறது.

இறுக்கம் குறைந்த முனையில் தோமாஸ்டிக்-இன்ஃபெல்டின் ஜாஸ் ஃப்ளாட்ஸ், ஜேஎஃப்344. வியன்னாவில் 1919இல் தொடங்கிய நிறுவனம் இது. வயலின் கம்பிகளுக்குப் பெயர் போனது. சுற்று சுத்த நிக்கல், அளவு 43–56–70–100. நான்கு செட்களில் விலை அதிகமும் இதற்குத்தான். கைக்கு மிக மென்மை. நடு அதிர்வெண்கள் முன்னால் நிற்கும், சுரம் நீண்டு நிற்கும். செத்துப்போன 'தும்' வேண்டுமென்று இதை வாங்கியவர்கள் ஏமாந்துபோவதைப் பலமுறை பார்க்கலாம். இது பேசும் கம்பி, முணுமுணுக்கும் கம்பி அல்ல. வலது கையில் பலமாக இழுத்து வாசிப்பவருக்கு ஒத்துவராது. கம்பி ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டையில்) அடித்துச் சலசலக்கும், இடது விரல் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் சுருதி ஏறிவிடும்.

பலரும் கவனிக்காத சிக்கல் டி, ஏ கம்பிகளில் இருக்கிறது. 45–65–85–105க்கு நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் துண்டு) பள்ளம் வெட்டிய கருவியில் 85 உட்கார்ந்திருந்த இடத்தில் 70 வருகிறது. 2.16 மில்லிமீட்டர் பள்ளத்தில் 1.78 மில்லிமீட்டர் கம்பி. திறந்த கம்பியை மீட்டும்போது பள்ளத்துக்குள் பக்கவாட்டில் ஆடி, சிதார் மாதிரி ஒரு கிரீச்சொலி கேட்டால் காரணம் இதுதான். ஆக்‌ஷனை (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கும் உயரத்தை) எவ்வளவு உயர்த்தினாலும் அது போகாது. புதிய நட் வெட்டுவதே நிரந்தரத் தீர்வு. லா பெல்லாவின் லோ டென்ஷன் ஃப்ளாட்ஸுக்கும் இதே கதைதான். அதன் 42–56–70–100 அளவைப் பார்த்தாலே யாரைக் குறிவைத்தது என்று தெரியும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சுற்று, தோமாஸ்டிக்கைவிடக் குறைந்த விலை. நிக்கல் பட்டால் தோலில் அரிப்பு வருபவர்களுக்கு மாற்றாக இருக்கலாம்.

எதிர்முனையில் லா பெல்லா டீப் டாக்கின் பேஸ். இந்தப் பெயரில் பல தடிமன்கள் இருப்பதால் கடையில் எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். 760எஃப்எல் 43–104, 760எஃப்எஸ் 45–105, 760எஃப்எம் 49–109. இவற்றுக்கும் மேலே பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் பெயரில் வரும் 52–73–95–110. டெட்ராய்டின் மோட்டவுன் ஸ்டுடியோவில் ஜேமர்சன் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸில் கனமான லா பெல்லா ஃப்ளாட்டுகளை மாட்டி, அறுந்தால் ஒழிய மாற்றாமல், பிரிட்ஜ் மூடிக்குள் இருந்த ஸ்பாஞ்சோடு வாசித்தார். அந்த ஒலியைத் தேடி நேரே 52–110க்குப் போகிறவர்கள் மூன்று விஷயங்களை மறந்துவிடுகிறார்கள்: அவருடைய கம்பிகள் வருடக் கணக்கில் அழுக்கேறியவை, ஸ்பாஞ்ச் பாதி வேலையைச் செய்தது, மீதி வேலை அவருடைய ஒற்றை விரலில் இருந்தது. 760எஃப்எஸ் போதும். ஸ்பாஞ்ச் சேர்த்து, டோன் நாபைப் பாதியில் வைத்தால் முக்கால்வாசி தூரம் வந்துவிடலாம். வழவழப்பு இந்த நான்கில் இதற்கே அதிகம், அடித்தளம் தடித்து, சுரம் சீக்கிரம் அடங்கும். கிக் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும் கம்பி.

52–110ஐத்தான் போடுவேன் என்றால் நட்டை முதலில் பாருங்கள். 95 என்பது 2.41 மில்லிமீட்டர், 110 என்பது 2.79. 85க்கும் 105க்கும் வெட்டிய பள்ளத்தில் இவை மேலே தொங்கிக்கொண்டு நிற்கும். முதல் ஃப்ரெட்டில் அழுத்தவே கை வலிக்கும், எஃப் சுரம் கூர்ந்து ஒலிக்கும். அரம் கொண்டு பள்ளத்தை அகலப்படுத்தினால் பிறகு புதிய நட் போடாமல் மெல்லிய செட்டுக்குத் திரும்ப முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டாடாரியோ குரோம்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இறுக்கத்தில் அது உண்மையல்ல, இறுக்கமான பக்கமே. இசிபி81 என்பது 45–65–80–100, இசிபி82 என்பது 50–70–85–105. நடுவில் இருப்பது தொனியில். புதிதாக மாட்டியதும் ஃப்ளாட்டா என்று சந்தேகப்படும் அளவுக்குப் பளிச்சென்று இருக்கும். சில மாதங்கள் வாசித்த பிறகுதான் மட்டுப்படும். ரவுண்ட்வவுண்டிலிருந்து முதன்முதலாக வருபவர்களுக்கு எங்கள் பரிந்துரை இசிபி81தான்: எங்கும் கிடைக்கும், விலை மிதம், நட்டைத் தொட வேண்டிய அவசியம் அநேகமாக வராது. குறை, தொடக்கத்தில் விரல் கொஞ்சம் ஒட்டுவது. விரல் எண்ணெய் ஏறினால் அது தானாகக் குறையும்.

ரோட்டோசவுண்ட் ஜாஸ் பேஸ் 77, இங்கிலாந்துச் சரக்கு. சுற்று மோனல், அதாவது நிக்கலும் தாமிரமும் சேர்ந்த உலோகக் கலவை, துருவுக்கு எளிதில் மசியாது. இறுக்கம் அதிகம், உறுமல் அதிகம். ஃப்ளாட் என்றால் ஜாஸும் சோலும் மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது ரோட்டோசவுண்டின் ஃப்ளாட்வவுண்ட்தான், 50–110 தடிமனில். பலமாக அடித்து வாசிப்பவர், ராக் இசைக்குழுவில் கிட்டார்களுக்கு நடுவே கேட்க வேண்டியவர் இதைப் பார்க்கலாம். வழுக்கும் மென்மையை எதிர்பார்ப்பவர் வேண்டாம்.

ஆக, விரல் மென்மையாக வைத்து வாசிப்பவருக்கும் ஃப்ரெட்லெஸ் (ஃப்ரெட் இல்லாத பேஸ்) வைத்திருப்பவருக்கும் தோமாஸ்டிக். பழைய தும்முக்கு லா பெல்லா எஃப்எஸ். முதல் செட்டுக்கும், ஒரே கருவியில் எல்லாம் வாசிக்கவும் குரோம்ஸ். கைப்பலம் உள்ளவருக்கு ரோட்டோசவுண்ட். ஸ்லாப் (கட்டை விரலால் கம்பியைத் தட்டி) வாசிப்புதான் முக்கியம் என்றால் இந்தப் பட்டியலே உங்களுக்கானது அல்ல.

மாட்டும்போது கெட்டுப்போகும் கம்பிகள்தான் அதிகம், வாசித்துக் கெடுபவை குறைவு. உடலின் பின்புறத்திலிருந்து கோக்கும் வகைக் கருவியாக இருந்தாலும், பிரிட்ஜின் பின்விளிம்பு வழியாகக் கோக்க வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பின்புறத்திலிருந்து கோத்தால், சேடிலில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் அமரும் துண்டில்) செங்குத்தாக மடங்கும் இடத்தில் தட்டைப் பட்டை பிளந்து, உள்கம்பியும் முறிந்துபோகலாம். வெட்டும் முன், சேர வேண்டிய டியூனரை (சுருதி சேர்க்கும் முறுக்காணியை) தாண்டி 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டு, அந்த இடத்தில் கம்பியை 90 பாகைக்கு மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால் வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்கம்பியில் வழுக்கித் தளர்ந்துவிடும், அந்தக் கம்பி பிறகு உயிரில்லாமல் ஒலிக்கும். டியூனரில் இரண்டு மூன்று சுற்று, ஒவ்வொன்றும் முந்தியதற்குக் கீழே. கம்பி முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முனையில் உள்ள வண்ணப் பட்டு நூல் நட்டையோ சேடிலையோ தாண்டி ஒலிக்கும் பகுதிக்குள் வந்தால் நீளம் பொருந்தாத செட் என்று அர்த்தம். 30 அங்குல ஹாஃப்னர் வகைக் கருவிகளில் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. அவற்றுக்கு ஷார்ட் ஸ்கேல் செட்டே வாங்க வேண்டும்.

எல்லாக் கம்பியையும் ஒரேயடியாகக் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றி, சுருதி சேர்த்து ஒரு நாள் விடுங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஈ கம்பியை அழுத்திக்கொண்டு ஏழாவது ஃப்ரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நல்லது. கனமான செட் நெக்கை முன்னால் இழுத்து இடைவெளியைக் கூட்டும், அப்போது ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் தண்டை) இறுக்க வேண்டும். தோமாஸ்டிக் போட்டால் நேர்மாறு: நெக் பின்னால் சாய்ந்து முதல் சில ஃப்ரெட்டுகளில் சலசலப்பு வரும், தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். கடைசியில் இன்டொனேஷன், அதாவது நெக் முழுவதும் சுருதி சரியாக இருப்பது: 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரம் ஹார்மோனிக்கைவிட உயர்ந்திருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். தடித்த ஈ கம்பியில் ஸ்பிரிங் முழுக்க அமுங்கி, சேடில் மேலும் நகராமல் நிற்பதுண்டு. ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டினால் இடம் கிடைக்கும்.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. வாசித்ததும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், கடலோர ஊர்களின் புழுக்கத்தில் இது அவசியமும்கூட. ரவுண்ட்வவுண்டுக்குச் செய்வதுபோல் கொதிக்க வைக்க வேண்டாம், இந்தக் கம்பியிலிருந்து யாரும் பளபளப்பை எதிர்பார்ப்பதில்லை. பிடிக்காமல் கழற்றிய செட்டையும் எறியாதீர்கள். பழகிய ஃப்ளாட்டுக்கு வாங்குபவர் உண்டு. ஆனால் டியூனர்கள் கொஞ்சம் தள்ளி இருக்கும் கருவியில் அது எட்டாமல் போகலாம் என்பதால், விற்கும்போது பந்து முனையிலிருந்து மடிப்பு வரை ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் அளந்து சொல்லிவிடுங்கள்.