விண்டோஸ்லயே இருக்குற டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்: ரீஸ்டோர் பாயிண்ட்ல ஒளிஞ்ச வைரஸ் போகுமா?

போகும், ஆனா ஸ்கேன் மட்டும் போட்டா பத்தாது, கடைசியில ஒரு வேலைய நாமளே செய்யணும்.

டிஃபெண்டர்ங்கிறது விண்டோஸோட சொந்த ஆன்டிவைரஸ், ரீஸ்டோர் பாயிண்ட்ங்கிறது ஏதாவது கெட்டுப்போனா பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வெச்சுக்குற நகல். மாமா பொண்ணு லேப்டாப்ல தான் இந்த ஸ்கேன ஓட்டிப் பாத்தேன். ஜெராக்ஸ் கடைக்குப் போய்ட்டு வந்த பென்டிரைவ்ல ஷார்ட்கட் வைரஸ், ஆன்டிவைரஸ் டெலீட் பண்ணிட்டேன்னு சொல்லும், அடுத்த ஸ்கேன்ல அதே பேரு திரும்ப நிக்கும். அந்த ஃபைல் எங்க இருக்குன்னு பாத்தா சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்னு ஒரு ஃபோல்டர். சர்வீஸ்ல கேட்டா ஃபார்மட் தான் ஒரே வழின்னுட்டாங்க. சுத்தப் பொய்ங்க அது.

விண்டோஸ் தன்னோட ரீஸ்டோர் பாயிண்ட்ட அந்த ஃபோல்டர்ல தான் வெச்சிருக்கு, அட்மினா உள்ள போனாலும் ஆக்சஸ் டினைட்னு வரும். பழைய விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல ஏ-ன்னு ஆரம்பிச்சு வெறும் நம்பரா ஃபைல் பேர மாத்தி வெச்சிருக்கும், இப்போ ஷேடோ காப்பி, அதாவது டிஸ்க் அந்த நேரத்துல இருந்த நிலையோட நகல், அது ரீட் ஒன்லி, படிக்கலாம் மாத்த முடியாது, அதனால ஆன்டிவைரஸ் கண்ணுக்குத் தெரிஞ்சாலும் கை வைக்க முடியாது. பயப்படாதீங்க, அங்க இருக்குற வரைக்கும் அது சும்மா தான் கிடக்கும், நீங்க அந்த பாயிண்ட்டுக்கு ரீஸ்டோர் பண்ணா தான் திரும்ப உசுரு வரும்.

இப்ப ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டி ஓபன் பண்ணி, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதுல ஆஃப்லைன் ஸ்கேன். உடனே ரீஸ்டார்ட் ஆகும், அதனால ஓபன்ல இருக்குறத சேவ் பண்ணிருங்க, சார்ஜர சொருகிருங்க. விண்டோஸ் முழுசா ஏறாம ரிக்கவரி மோடுலயே ஸ்கேன் ஓடுறதால வைரஸும் ஓடிக்கிட்டு இருக்காது, தன்ன காப்பாத்திக்க வழியில்ல, இது தான் இதுல எனக்குப் பிடிச்ச விஷயம். சுமார் 15 நிமிஷம். முடிஞ்சதும் அதுவா விண்டோஸுக்குத் திரும்பிரும், என்ன புடிச்சுதுன்னு ப்ரொடெக்‌ஷன் ஹிஸ்டரில போய் தான் பாக்கணும். அதுக்கப்புறம் ஒரு ஃபுல் ஸ்கேன், அது மணிக்கணக்கா இழுக்கும், நைட்டு போட்டுட்டு தூங்கிருங்க.

இனிமே தான் நம்ம வேலை. நிறைய பேரு முதல்லயே சிஸ்டம் ரீஸ்டோர ஆஃப் பண்ணுன்னு சொல்லித் தராங்க, எனக்கு இதுல உடன்பாடே இல்ல, ஆஃப் பண்ணா இருக்குற ரீஸ்டோர் பாயிண்ட் எல்லாம் போயிரும், கிளீன் பண்றப்போ விண்டோஸ் படுத்துடுச்சுன்னா திரும்பிப் போக ஒண்ணுமே இருக்காதே, வைரஸ் புடிச்ச ரீஸ்டோர் பாயிண்ட்னாலும் ஒண்ணுமில்லாததுக்கு அது மேல். அதனால மொதல்ல சிஸ்டத்த கிளீன் பண்ணுங்க, அப்புறம் ஸ்டார்ட்ல கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்னு தேடி புதுசா ஒண்ணு போடுங்க, அப்புறம் டிஸ்க் கிளீனப்ல கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ் அழுத்துங்க, அப்ப தான் மோர் ஆப்ஷன்ஸ் டேபே வரும். அதுல சிஸ்டம் ரீஸ்டோருக்குக் கீழ இருக்குற கிளீன் அப் குடுத்தா கடைசியா போட்டத மட்டும் விட்டுட்டு பழசெல்லாம் போயிரும், வைரஸும் அதோட போச்சு. ஹார்டுடிஸ்க்ல கொஞ்சம் இடமும் மிச்சம்.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். காசு கிடையாது, டவுன்லோடு கிடையாது, விண்டோஸ் 10லயும் 11லயும் ஏற்கனவே இருக்கு. ஒரு மார்க் குறைச்சது, ரீஸ்டோர் பாயிண்ட் விஷயத்த அது நம்ம தலையில விட்டுர்றதுக்கு. எக்ஸ்டெர்னல் டிஸ்க்ல பேக்கப் எடுத்து வெச்சிருந்தா அத சொருகி கஸ்டம் ஸ்கேன் தனியா போடுங்க, அந்த பென்டிரைவுக்கும் சேத்து.