பப்மெட்டோடு எட்டு ஆண்டுகள்: பழைய வண்ணாரப்பேட்டை கிளினிக்கிலிருந்து

பழைய வண்ணாரப்பேட்டையில் சிறிய கிளினிக் நடத்தும் பொது மருத்துவர் நான். நோயாளிகளின் கேள்விகளுக்கு ஆய்வுச் சான்று தேட, அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்தை எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கட்டணம் இல்லை; தேடுவதற்குக் கணக்கும் தேவையில்லை.

முதல் இரண்டு ஆண்டுகள் வீண் என்றே சொல்வேன். மனத்தில் தோன்றியதை அப்படியே தட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் வந்து விழுந்தவற்றில் முதல் பக்கத்தை மட்டும் மேய்ந்து திருப்திப்பட்டேன். யாருக்கு, எந்தச் சிகிச்சை, எதனோடு ஒப்பிட்டு, என்ன பலன் என்று கேள்வியை நான்காக உடைக்கும் ‘பிக்கோ’ முறையைப் பழகிய பிறகுதான் தேடல் வசப்பட்டது.

துறைமுகத்தில் சுமை தூக்கும் ஒருவருக்குச் சளியில் காசநோய்க் கிருமி உறுதியானபோது அவருடைய மனைவி கேட்டார்: “வீட்ல இருக்கிறவங்க வாரத்துக்கு ஒருவாட்டி மாத்திரை போட்டா போதும்னு சொல்றாங்க டாக்டர், அது பத்துமா?” இந்தக் கேள்வியை நான்காக உடைத்து, பப்மெட்டில் மருத்துவர்களின் கேள்விகளுக்கென்று உள்ள ‘கிளினிக்கல் குவெரிஸ்’ பகுதியில் சிகிச்சை என்ற வடிகட்டியைப் போட்டதும் 2011-இல் வெளியான பெரிய ஆய்வு அகப்பட்டது. காசநோய் வராமல் தடுக்க ஐசோனியாசிட், ரிஃபாபென்டின் என்ற மருந்துகள் இரண்டையும் வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் கொடுப்பது, ஒன்பது மாதம் தினமும் ஐசோனியாசிட் கொடுப்பதற்குக் குறைந்ததல்ல என்றும், சிகிச்சையை முடித்தவர்கள் முன்னதில் 82 சதவீதம், பின்னதில் 69 சதவீதம் என்றும் அது கூறியது. எண்களோடு நின்றிருந்தால் இந்த வேறுபாட்டை அப்படியே நம்பியிருப்பேன். வாராந்திர மாத்திரையைப் பணியாளர் முன்னிலையில் விழுங்கவைத்தார்கள், தினசரி மாத்திரையை அவரவரே எடுத்துக்கொண்டார்கள் என்பதைக் கவனித்த பின்னரே அந்த எண்களை எடைபோட முடிந்தது. மேலும், ஆய்வு நடந்தது அமெரிக்கா, கனடா, பிரேசில், ஸ்பெயின் ஆகிய நாடுகளில். ஒரே அறையில் ஆறு பேர் உறங்கும் வியாசர்பாடி வீட்டில் அல்ல. “பத்தும், ஆனால் பன்னிரண்டு வாரமும் ஒன்றுகூட விடக்கூடாது” என்று சொல்லி அனுப்பினேன்.

சொல் விஷயத்தில் பப்மெட் கெட்டிக்காரத்தனமானது. ‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினால் ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ என்ற மெஷ் தலைப்பையும் (கட்டுரைகளை வகைப்படுத்த நூலகம் வைத்திருக்கும் நிலையான சொல்) தானே சேர்த்துத் தேடும்; மேற்கோள் குறிக்குள் போட்டால் அந்த வசதி நின்றுவிடும். இது தெரியாமல் பல மாதங்கள் எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போட்டு, நல்ல ஆய்வுகளைத் தவறவிட்டது என் பிழை. ஆனால் “மூச்சு வாங்குது”, “நெஞ்ச அடைக்குது” என்று எங்கள் பகுதியில் சொல்வதில் எது எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

அதிகம் பயன்பட்டது, தேடலைச் சேமித்து மின்னஞ்சல் அறிவிப்புப் பெறும் வசதிதான். இதற்கு மட்டும் கணக்குத் தொடங்க வேண்டும். சுமை தூக்குபவரின் மனைவி, பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால் நோய் ஒட்டாதா என்றும் கேட்டிருந்தார். அப்போது எனக்குக் கிடைத்தவை எடைக்குறைவுக்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டிய, எதையும் கொடுத்துச் சோதிக்காமல் கவனித்து மட்டும் பதிவு செய்த ஆய்வுகளே. ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு 2023 ஆகஸ்டில் மின்னஞ்சலில் வந்தது: நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள்கள் கொடுத்த குழுவில், கொடுக்காத குழுவைவிடக் காசநோய் 39 சதவீதம் குறைவு. அடுத்த முறை இளைய மகனின் காய்ச்சலுக்காக வந்தவரிடம் இதைச் சொன்னபோது, “அந்த அரிசி பருப்ப இங்க யாரு டாக்டர் குடுப்பாங்க?” என்றார்.

குறைகளும் உண்டு. முழுக் கட்டுரை பல சமயம் சந்தாச் சுவருக்குப் பின்னால் இருக்கிறது. இலவச முழு உரை என்ற வடிகட்டியைப் போட்டால், முக்கியமான ஆய்வே பட்டியலிலிருந்து மறைந்துவிடலாம் என்பதால் அதை நான் தொடுவதில்லை. நீண்ட தேடல்களைக் கைப்பேசியில் செய்ய முயன்று கைவிட்டேன். அவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கென்று மடிக்கணினியில் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.