ஃபான்ட் பட்டியலே காட்டிக்கொடுத்தது: ரெண்டு வருஷ அனுபவம்

திருநெல்வேலி டவுன்ல, ரதவீதிப் பக்கம் டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாணப் பத்திரிகை, சடங்கு வீட்டு அழைப்பிதழ், ஆனித் தேரோட்டம் வந்தா நோட்டீஸ். வருஷக்கணக்காச் சேர்த்த பாமினி வகைத் தமிழ் ஃபான்ட், டிசைன் சாஃப்ட்வேரோட வந்த ஆங்கில ஃபான்ட்னு கம்ப்யூட்டர்ல நூத்துக்கணக்குல கிடக்கு. குக்கீயை (வெப்சைட் நம்ம பிரவுசர்ல போட்டு வைக்கிற அடையாளக் குறிப்பு) அழிச்சுட்டு, பார்த்த பக்கங்களைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னல்ல போனா யாருக்கும் நம்மளத் தெரியாதுன்னு ரொம்ப நாள் நம்பியிருந்தேன்.

நம்ம பிரவுசரைத் தனியா அடையாளம் காண முடியுமான்னு சோதிக்கிற கவர் யுவர் டிராக்ஸ்ங்கிற பக்கம் அந்த நம்பிக்கையை உடைச்சிருச்சு. கடைசி 45 நாள்ல சோதிச்ச பிரவுசர்கள்ல என்னோடது மாதிரி இன்னொண்ணு இல்லையாம். அதை நடத்துற எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன்ங்கிற இணைய உரிமை அமைப்பு 2010-லயே சுமார் 4.7 லட்சம் பிரவுசர்களைப் பார்த்து, 83.6 சதவீதம் தனித்துத் தெரியுதுன்னு சொல்லியிருக்கு. ஸ்கிரீன் அளவு, நேர மண்டலம், கிராஃபிக்ஸ், ஃபான்ட் எல்லாம் சேர்ந்து பிரவுசருக்கு ஒரு கைரேகை மாதிரி ஆயிருது. என் விஷயத்துல ஃபான்ட் பட்டியல்தான் பெருசு. வெப்சைட் ஒரு வரியைக் கண்ணுக்குத் தெரியாம குறிப்பிட்ட ஃபான்ட்ல போட்டு அகலத்தை அளக்கும். ஃபான்ட் இருந்தா அகலம் மாறும், இல்லாட்டி மாறாது. இப்படி ஒவ்வொரு பேரா அளந்துக்கிட்டே போகும். நம்மகிட்ட அனுமதி கேட்கிறதே இல்ல. அதுதான் எனக்கு ஆத்திரம்.

ஃபயர்பாக்ஸ் பிரவுசரோட உள் செட்டிங் பக்கமான அபவுட் கான்ஃபிக்ல, இந்தக் கைரேகையைத் தடுக்கிற ‘ரெசிஸ்ட் ஃபிங்கர்பிரின்டிங்’கை ஆன் பண்ணினேன். நான் போட்ட ஃபான்ட் எதுவும் இப்ப வெப்சைட் கண்ணுல படாது. டிசைன் சாஃப்ட்வேர்ல எல்லாமே வழக்கம்போல இருக்கு.

சிக்கலும் உண்டு. வெப்சைட்ல தெரியுற நேரம் யுடிசி-ங்கிற உலகப் பொது நேரத்துக்குப் போயிரும், அதாவது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி நேரம் பின்னால. மெயில்ல காட்டுன நேரத்தைப் பார்த்துட்டு, அனுப்புனவர்கிட்ட “அண்ணாச்சி, விடியக்காலமே மெயில் போட்டுட்டீங்களே”ன்னேன். “ஏ தம்பி, பதினோரு மணிக்குல்லா அனுப்புனேன்”னார். பாமினி ஃபான்ட் ஆங்கில எழுத்து இடத்துல தமிழ் எழுத்தைக் காட்டுறது; அது மறைஞ்சுட்டதால, பாமினில எழுதுன பழைய தமிழ்ப் பக்கங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாத் தெரியும். அதுக்கு மட்டும் வேற பிரவுசர் திறக்கேன். ஒருநாள் ஒரு பொண்ணுக்கு விண்ணப்பத்துல போட்டோ ஏத்துனா, முகத்துக்குப் பதிலா வண்ணக் கோடு. அந்த வெப்சைட் போட்டோவை பிரவுசருக்குள்ளயே கேன்வாஸ்ங்கிற படம் வரையுற பகுதியில சுருக்குது. இந்த செட்டிங் அதைக் கலைச்சுப்புடுது. முகவரிப் பட்டையில வர்ற சின்னப் பட ஐகானை அமுக்கி அனுமதி குடுத்ததும் முகம் சரியா வந்துச்சு.

நம்ம இணைய இணைப்போட எண்ணான ஐபி முகவரியை இது மறைக்காது. லாகின் பண்ணினா ஆள் தெரிஞ்சுரும். ஆனாலும் அணைக்க மனசு வரல. ரெண்டாவது கம்ப்யூட்டர்லயும் போட்டுட்டேன். வேலைக்கு நிக்கிற பையனுக்காக, ‘போட்டோ ஏத்துமுன் அனுமதி குடு’ன்னு சீட்டு எழுதி மானிட்டர்ல ஒட்டியிருக்கேன்.