கர்ப்பகாலத் தைராய்டு பரிசோதனை: வீடு தேடி வரும் ஆய்வகச் சேவை எப்படி இருக்கிறது?

கோவையில் வீட்டுக்கே ஆள் அனுப்பி இரத்தம் எடுத்துச் செல்லும் ஓர் ஆய்வகத்தின் சேவையை, கர்ப்பம் உறுதியானது முதல் பயன்படுத்தி வருகிறேன். தைராய்டு சுரப்புக் குறைவுக்காகத் திருமணத்துக்கு முன்பிருந்தே 50 மைக்ரோகிராம் லெவோதைராக்சின் மாத்திரை எடுத்துக்கொள்பவள் என்பதால், அவர்கள் இரத்தம் எடுக்கும் விதத்தைவிட அறிக்கை தரும் விதமே எனக்கு முக்கியம். முன்னதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொன்னபடி காலை ஏழு மணிக்கு வந்துவிடுகிறார்கள். ஊசியின் உறையைக் கண்முன்னே பிரிக்கிறார்கள். அன்றைய மாத்திரையை இரத்தம் எடுத்த பிறகு போட்டுக்கொள்ளும்படி முந்தைய நாளே நினைவூட்டுகிறார்கள். மாலைக்குள் அறிக்கை கைப்பேசிக்கு வந்துவிடுகிறது.

சிக்கல் அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. பதிவு செய்யும்போது கர்ப்பமா, எத்தனையாவது வாரம் என்றெல்லாம் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த விவரம் பெயருக்குக் கீழே அச்சாவதோடு சரி. ஒன்பதாவது வாரத்தில் எனக்கு டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன், சுரப்பு குறைந்தால் இது கூடும்) 3.8 என்று வந்தது. பக்கத்தில் இயல்பு அளவு 0.35 முதல் 4.94 வரை என்று போட்டிருந்ததால், அந்த எண் சாதாரணக் கறுப்பு எழுத்தில் இருந்தது. தைராய்டே சுரக்கும் ஹார்மோனான டி4இன் மொத்த அளவோ 12.3, மேல்வரம்பு 11.72 என்பதால் அது சிவப்பு எழுத்தில், மேல்நோக்கிய அம்புக்குறியோடு நின்றது. அதைப் பார்த்த என் மாமியார், "தைராய்டு கூடிப்போச்சு போல, மாத்திரையக் குறைக்கச் சொல்லிக் கேளும்மா" என்றார். மகப்பேறு மருத்துவர் சிவப்பு எண்ணைப் பொருட்படுத்தவே இல்லை. கறுப்பு எண்ணைப் பார்த்துவிட்டு, மாத்திரையை 75 மைக்ரோகிராமாகக் கூட்டினார்.

காரணத்தை அவரே விளக்கினார். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் பெருகும்போது, தைராய்டு ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதமும் இரத்தத்தில் கூடுகிறது. அதனோடு பிணைந்திருக்கும் ஹார்மோனும் சேர்ந்து கூடுவதால், மொத்த டி4 ஏழாவது வாரம் முதல் ஏறத் தொடங்கி, பதினாறாவது வாரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடுகிறது. ஆகவே அந்த உயர்வு பெரும்பாலும் நோயின் அறிகுறி அல்ல. டி.எஸ்.எச். இதற்கு நேர்மாறானது. கரு பதிந்தபின் சுரக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் அமைப்பில் டி.எஸ்.எச்.சை ஒத்திருப்பதால், அதுவும் தைராய்டைத் தூண்டிவிடுகிறது. அதனால் முதல் மும்மாதத்தில் டி.எஸ்.எச். வழக்கத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். தாழ வேண்டிய நேரத்தில் 3.8 இல் நின்றால், கூடுதல் தேவைக்கு என் சுரப்பி ஈடுகொடுக்கவில்லை என்று பொருள். குழந்தையின் தைராய்டு பன்னிரண்டாவது வாரத்தை ஒட்டித்தான் வேலையைத் தொடங்குகிறது. அதுவரை தாயிடமிருந்து கிடைப்பதே அதற்கு வழி.

எல்லை எது என்பதில் மருத்துவ உலகிலும் முழு ஒற்றுமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் முதல் மும்மாதத்துக்கு 2.5, அதன்பின் 3 என மேல்வரம்பு வைத்தது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017இல், உள்ளூர் மக்களுக்கென்று கணக்கிட்ட வரம்பு இல்லாத இடங்களில் முதல் மும்மாதத்துக்கு ஏறத்தாழ 4 வரை ஏற்கலாம் என்று தளர்த்தியது. ஆனால் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்களுக்கு 2.5க்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு என்றது. ஆக, மாத்திரை எடுக்காத ஒருத்திக்கு 3.8 விவாதத்துக்குரியது, எனக்கு எந்தக் கணக்கிலும் அதிகம். மும்மாத வாரியான அட்டவணை இந்த ஆய்வகத்தின் அறிக்கையிலும் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் அடியில், கைப்பேசியில் பெரிதாக்கினால் மட்டுமே தெரியும் பொடி எழுத்தில்!

தொகுப்பாக அவர்கள் விற்பது மொத்த டி3 (தைராய்டின் இன்னொரு ஹார்மோன்), மொத்த டி4, டி.எஸ்.எச். மூன்றும் சேர்ந்த பரிசோதனை. கர்ப்பிணிக்கு டி.எஸ்.எச்.சும், தேவைப்பட்டால் ஃப்ரீ டி4 எனப்படும் பிணையாத டி4 அளவும் போதும் என்று என் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைக் காட்டிய பிறகே தனியாகப் பதிவு செய்தார்கள். அறிக்கை வந்த மறுநாள் அவர்களின் 'ஆரோக்கிய ஆலோசகர்' அழைத்து, எல்லாம் நார்மல் என்று சொல்லி, முடி உதிர்வுக்கென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை ஒன்றைப் பரிந்துரைத்ததுதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டியது. அதிக அளவில் எடுத்த பயோட்டின், சில கருவிகளில் டி.எஸ்.எச்.சைக் குறைவாகவும் டி4 அளவைக் கூடுதலாகவும் காட்டிவிடும். தைராய்டு பரிசோதனையை நடத்துகிறவர்களே அதை விற்க முனைவதை என்னவென்று சொல்வது?

அந்த அழைப்பில் சொல்லியிருக்க வேண்டியவை வேறு. லெவோதைராக்சினை அதிகாலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். காப்பிக்கும் உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் தரப்படும் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் அதன் உறிஞ்சுதலைத் தடுப்பதால், அவற்றுக்கு நான்கு மணி நேரமாவது தள்ளிப்போக வேண்டும். கர்ப்பத்தின் பாதிக்காலம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறையும், முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறையும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும் என்று நினைவூட்டியிருந்தால், அவர்களுக்கும் வியாபாரமாயிற்று.

வரம்புகளைப் பற்றி மின்னஞ்சலில் புகார் அனுப்பினேன். வயதையும் பாலினத்தையும் பொறுத்தே மென்பொருள் வரம்பைத் தேர்ந்தெடுக்கும், வாரக்கணக்கைப் பொறுத்து மாற்ற வசதியில்லை என்று பணிவாகவே பதில் வந்தது. இத்தனைக்குப் பிறகும் பிரசவம் வரை இவர்களிடமே தொடரப்போகிறேன். கருவிக்குக் கருவி அளவு சற்று மாறும் என்பதால், ஒரே ஆய்வகத்தின் எண்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும் என்றார் மருத்துவர். அறிக்கை வந்ததும் வலப்பக்க வரம்புகளைப் பார்க்காமல் எண்ணை மட்டும் அவருக்கு அனுப்பிவிடுகிறேன். ஆலோசகரின் அழைப்பை எடுப்பதில்லை.