கருவின் இதயத்தை ஆராய: சுண்டெலியா, வரிக்குதிரை மீனா?

பிறவி இதயக் குறைகளின் மரபணுக் காரணங்களைத் தேடப் புறப்படும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி இது. நான் மீனைத் தேர்ந்தெடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

இடமும் செலவும் மீனுக்கே சாதகம் என்பது தெரிந்ததுதான். ஒரு ஜோடி மீன் வாரந்தோறும் நூறு, இருநூறு முட்டைகள் தரும். சுண்டெலி ஏறத்தாழ 20 நாள் சுமந்து சில குட்டிகளை ஈனும். மீன் கரு தாயின் உடலுக்கு வெளியே, கண்ணாடி போலத் தெளிவாக வளர்கிறது. 24 மணி நேரத்தில் இதயக் குழாய் துடிப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் பார்க்கலாம்.

இவை எல்லாவற்றையும்விட என்னை மீன் பக்கம் நிறுத்தியது வேறொன்று: இதயமே துடிக்காவிட்டாலும் மீன் கரு உடனே இறப்பதில்லை. உடல் அத்தனை சிறியது என்பதால், நீரிலிருந்து தோல் வழியே ஊடுருவும் ஆக்சிஜனே அதற்குப் போதும். ரத்த ஓட்டம் இல்லாமல் ஏறத்தாழ 5 நாள் வளர்கிறது. 1996இல் டூபிங்கன், பாஸ்டன் ஆய்வுக்கூடங்கள் வெளியிட்ட மாபெரும் மரபணுத் தேடல்களில் ‘சைலன்ட் ஹார்ட்’ என்ற, மரபணு பிறழ்ந்த மீன் வகை கிடைத்தது. அதன் இதயம் ஒருமுறைகூடத் துடிப்பதில்லை. காரணம், இதயத்தசை சுருங்க உதவும் ட்ரோபோனின் டி புரதத்துக்கான மரபணு என்று 2002இல் தெரியவந்தது; மனிதர்களிடம் இதயத்தசை நோயை உண்டாக்கும் மரபணுக்களில் அதுவும் ஒன்று. அதே மரபணுவை நீக்கினால் சுண்டெலிக் கரு பத்தாம் நாள் வாக்கில் கருப்பையிலேயே இறந்துவிடுகிறது. அங்கே நமக்குக் கிடைப்பது சிதையத் தொடங்கிய திசு. எது இதயக் கோளாறு, எது அதனால் வந்த ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளைவு என்று பிரிப்பதே பெரும்பாடு. மீனில் அந்தக் குழப்பம் இல்லை. பழுதான இதயம் எந்த மணி நேரத்தில், எந்த இடத்தில் தடம் மாறுகிறது என்பதை உயிருள்ள கருவிலேயே தொடர்ந்து பார்க்க முடிகிறது.

இதயத் தடுப்புச் சுவரில் ஓட்டை, நுரையீரல் தமனிக் குறைகள் ஆகியவைதான் உங்கள் கேள்வி என்றால் சுண்டெலிக்கே போங்கள். மீனுக்கு ஒரு மேலறை, ஒரு கீழறை மட்டுமே, நுரையீரலும் இல்லை. மனிதரின் ஒரு மரபணுவுக்குப் பல இடங்களில் மீனிடம் இரண்டு பிரதிகள் இருப்பதும் தொல்லைதான். ஒன்றை நீக்கினால் மற்றொன்று ஈடுகட்டிவிடும். ஆனால் இதயத் துடிப்பின் வேகத்தில் சுண்டெலிதான் நம்மிடமிருந்து விலகி நிற்கிறது: நிமிடத்துக்கு 500க்கு மேல். மீன் குஞ்சின் துடிப்பு மனிதக் கருவின் துடிப்புக்கு நெருக்கமானது.

வளர்ந்த மீன், கீழறையில் 20 சதவீதத்தை வெட்டியெடுத்தாலும் இரண்டு மாதத்தில் அதை மீண்டும் வளர்த்துக்கொள்ளும் என்பது 2002இலிருந்தே அறிந்த செய்தி. என் வேலை முதல் வாரக் குஞ்சுகளோடு நின்றுவிடுவதால், மாரடைப்பு ஆய்வுக்கும் மீனே போதுமா என்பதில் என் சொல்லை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம்.