பத்துப் பூசம் பார்த்த டி3300

மலேசியாவின் பினாங்கில் தைப்பூசத்துக்கு முதல் நாள் செட்டிப்பூசம். அன்று பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் கிளம்பும் நேரத்தில் இன்னும் விடிந்திருக்காது. தெருவிளக்கும் ரதத்து விளக்கும்தான் வெளிச்சம். 2016 இல் அங்கே என் நிக்கான் டி3300 கேமராவில் இருநூறு படங்கள் எடுத்தேன், தேறியவை மூன்று. ரதம் இழுக்கும் மாடுகளெல்லாம் புகைமூட்டமாக விழுந்திருந்தன. வீட்டுக்கு வந்து கேமராவைத் திட்டினேன்.

திட்டியதில் பாதி நியாயம் இருந்தது. நான் வைத்திருந்த 18-55 லென்ஸை 55க்கு இழுத்தால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு மேல் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது). மறு ஆண்டு 35 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பழையதாக 400 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். முழுதாகத் திறந்தால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஐஎஸ்ஓ என்கிற ஒளியுணர்திறனை 3200, துளையை எஃப் 2 என்று வைத்தால் ஷட்டர் 1/125 நொடி திறந்தால் போதும். அதே இடத்தில் எஃப் 5.6 என்றால் 1/15 நொடிதான். 1/15இல் கோயில் தூண் அசையாமல் நிற்கும், ரதம் இழுக்கிற மாடு நிற்குமா? பணம் கொடுத்து நான் பலன் கண்ட இடம் இது ஒன்றுதான்.

மீதிப் பாதிக்குக் கேமரா பொறுப்பல்ல என்று புரிய 2019 வரை ஆயிற்று. அந்த ஆண்டு சித்தப்பா மகனிடம் டி750 இரவல் வாங்கிப் போனேன். ஃபுல் ஃப்ரேம், அதாவது என்னுடையதைவிடப் பெரிய சென்சார். கேமரா தானாக ஃபோகஸ் செய்யும் குவியப் புள்ளிகள் என்னுடையதில் 11, அதில் 51. இருட்டுப் பகுதிகள் துடைத்துவிட்டதுபோல வந்தன, மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பொத்தான் எங்கே என்று நான் தடவிக்கொண்டிருந்தபோதே ரதம் என்னைக் கடந்துவிட்டது. அன்று எடுத்தவற்றில் பாதிக்குமேல் ரதத்தின் முதுகு.

தேங்காய் உடைப்பதைப் படம் பிடிப்பது தனிப் பாடம். சாலையில் குவித்த காய்களைத் தமிழரும் சீனருமாக வரிசையாக நின்று உடைப்பார்கள். நொடிக்கு 5 படம் என்று பொத்தானை அழுத்திப் பிடித்துப் பார்த்தேன். ஓங்கி எறிந்த காய் தரையைத் தொட அரை நொடிகூட ஆகாது. ஒன்றில் காய் தலைக்கு மேல் இருக்கும், அடுத்ததில் சில்லும் நீரும் சிதறியிருக்கும், நடுவில் நடந்தது போயே போய்விடும். இப்போது ஆளின் முழங்கையை மட்டும் பார்க்கிறேன். இரண்டு கையும் மேலே போய் முழங்கை நிமிரும்போது மூச்சு ஒரு கணம் நிற்கும். அங்கே ஒரே ஓர் அழுத்து. பத்துக்கு நான்கு அமைகிறது. (இளநீர் பட்டுப் பிசுபிசுத்த ஷட்டர் பொத்தானை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த துணி உதவாது.)

என் கர்வத்தை உடைத்தது லிட்டில் இந்தியாவில் பூக்கட்டும் ஓர் அக்காவின் கைப்பேசி. அவர் கடை மல்லிகைச் சரத்தை நான் பல நாள் எடுத்தும் படம் சப்பென்றே இருந்தது. ஒருநாள் தான் எடுத்ததைக் காட்டினார். ஒவ்வொரு மொட்டும் தனித்தனியாக ஒளிர்ந்தது. “பத்தரை மணிக்கு எதிர்ச் சுவரில் வெயில் பட்டு இங்கே திரும்பும், தம்பி. பத்து நிமிடம்தான். நீங்கள் எப்போதும் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் வருகிறீர்கள்” என்றார். மறுநாள் பத்தரைக்குப் போனேன். டி3300 நன்றாகத்தான் எடுத்தது.

இந்த ஊரில் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: புது லென்ஸுக்குமுன் ஈரம் புகாத பெட்டி வாங்குங்கள். 2021 இல் பல மாதம் அலமாரியில் கிடந்த என் 35 மி.மீ. லென்ஸுக்குள் பூஞ்சை வலைபோலப் படர்ந்துவிட்டது. சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் 150 ரிங்கிட் வாங்கிக்கொண்டு உள்ளே ஒரு தூசியையும் வைத்துத் திருப்பித் தந்தார்கள். தூசி படத்தில் தெரிவதில்லை. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது எனக்குத்தான் எரிகிறது.

பேட்டரி தளர்ந்துவிட்டது, முன்போல ஒருநாள் முழுக்கத் தாங்குவதில்லை. வருகிற பூசத்துக்கு அது ஒன்றை மட்டும் புதிதாக வாங்கப் போகிறேன்.