பழைய மிட்ரேஞ்ச்: கெஃப் பி110-ஆ, ஜேபிஎல் எல்இ5-2-ஆ?

மூன்று வழி ஸ்பீக்கர் ஒன்று கட்டுகிறேன்: கனத்த ஒலிக்கு வூஃபர், நடு ஒலிக்கு மிட்ரேஞ்ச், கீச்சொலிக்கு ட்வீட்டர். மேசையில் இரண்டு ஜோடி ஐந்து அங்குல மிட்ரேஞ்ச்: இங்கிலாந்தின் கெஃப் பி110, அமெரிக்காவின் ஜேபிஎல் எல்இ5-2.

பி110-இன் கோன் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கூம்பு) பெக்ஸ்ட்ரீன் என்ற பிளாஸ்டிக். நல்ல விறைப்பு, ஆனால் அதிர்வு எழுந்தால் சட்டென அடங்காது. அதை அடக்கத்தான் மேலே பூச்சு. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பூச்சின் மேடுபள்ளம் தெரியும். பூச்சு ஏறினால் எடை ஏறும், எடை ஏறினால் ஒலி குறையும். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரில் இருந்தது இந்த பி110-தான். அந்தப் பெட்டி 83 டெசிபலைத் தாண்டாது. 1000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே பி110 தூக்கலாகப் பேசும் என்பதால், கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்று) அதைத் தனியாக வெட்டியிருந்தார்கள். அந்த வேலையை நாமும் செய்தாக வேண்டும்.

எல்இ5-2 காகிதக் கோன். 1970-இல் வந்த ஜேபிஎல் எல்100 ஸ்பீக்கரில் 1500 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை இதன் பங்கு. அதற்குக் கீழுள்ள ஒலியைத் தடுக்க ஒரு கண்டென்சர், அவ்வளவுதான். அதற்கு மேலுள்ள ஒலியில் கோனின் சத்தம் தானாகவே இறங்கிவிடும். கட்டுவதற்கு எளிது. பின்பக்கம் மட்டும் தனி அறையாக மூடியிருக்க வேண்டும், இல்லையென்றால் வூஃபரின் காற்று கோனை உதைக்கும்.

புதியது வாங்கலாமே என்றால், பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கோன் அதிர்வைத் தானே விழுங்கும், பூச்சே தேவையில்லை. பிபிசியில் இருந்த டட்லி ஹார்வுட் 1977-இல் ஹார்பெத் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கியது அந்தக் கோனை நம்பித்தான்.

பழையதில் எதை எடுத்தாலும் முதலில் மல்டிமீட்டர் வைத்து, உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இரண்டு கட்டைவிரலாலும் கோனைச் சீராக அழுத்திப் பாருங்கள். உரசல் கேட்டால் காயில் போயிற்று. பி110-இல் தூசியை மென்மையான பிரஷ்ஷால் மட்டும் தட்டுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். கையில் கிடைத்த பசையை மேலே பூசவும் கூடாது: ஒரு கோனில் ஒரு கிராம் கூடினாலும் ஜோடி பிரிந்துவிடும்.

மிட்ரேஞ்ச் சத்தமாக இருந்தால் ரெசிஸ்டர் போட்டுக் குறைக்கலாம். வூஃபரை அப்படிக் குறைத்தால் பவர்தான் வீண். உரத்த வூஃபருக்கு பி110-இன் சத்தம் ஈடுகொடுக்காது. அதனால் உரத்த 12 அங்குல வூஃபர் வைத்திருப்பவருக்கு எல்இ5-2. எனக்குச் சின்ன அறை, கேட்பதெல்லாம் வாய்ப்பாட்டு. குரலில் பி110 தரும் நிதானத்தை இன்னொன்றில் நான் கேட்டதில்லை. 12 அங்குலத்தை ஓரம் வைத்துவிட்டு, 8 அங்குல வூஃபருக்குப் பலகை வெட்டக் கொடுத்துவிட்டேன்.